ஆல்கோ எஸ்-2 எஞ்சினா, எஸ்-4 எஞ்சினா? போகி குழப்புகிறது

சிகாகோவில் ஒரு பழம்பொருள் கடையில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வாங்கினேன், யார்டில் நிற்கும், அமெரிக்க நிறுவனமான ஆல்கோ செய்த ஷண்டிங் எஞ்சின் (யார்டுக்குள் பெட்டிகளை இழுத்து மாற்றுவது), படத்தின் பின்னால் பென்சிலில் 1948 என்று எழுதியிருக்கிறது. புகைபோக்கியின் அடி நன்றாக அகன்றிருக்கிறது, ரேடியேட்டரும் பெரியது, ஆக 660 குதிரைத்திறன் எஸ்-1 இல்லை, டர்போ வைத்த 1000 குதிரைத்திறன் வகைதான். ஆனால் போகி (எஞ்சினின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) எஸ்-2 எஞ்சினுக்கு வரும் பிளண்ட் வகை இல்லை, எஸ்-4 எஞ்சினுக்கு வரும் ஏஏஆர் (அமெரிக்க ரயில்வேக்கள் சங்கம்) வகை. எஸ்-4 தயாரிப்பு தொடங்கியதே 1949இல்!

லென்ஸ் வைத்துப் பார்த்தாயிற்று. அப்புறம் ஸ்கேன் செய்து வெளிச்சம் கூட்டினேன், கேபின் பக்கம் எழுத்து கரிப்புகையில் மறைந்தே கிடக்கிறது. எஸ்-2 வைத்திருந்த நியூயார்க் சென்ட்ரல், சாண்டா ஃபே ரயில்வேக்களின் படங்களோடு ஒப்பிட்டும் ஒத்துவரவில்லை. இதே எஞ்சினை மாடலாகச் செய்ய மிகவும் ஆசை.

எஸ்-2 எஞ்சினுக்கு ஏஏஆர் போகி மாட்டி ஓட்டிய ரயில்வே எது?