சாய்ந்த சம்பா நிமிர்கிறது. எடையற்ற வெளியில் பயிர் எந்தப் பக்கம் வளரும்?

வெண்ணாற்றங்கரை:
திருத்துறைப்பூண்டிக்கு அருகே எங்கள் வயலில், தொண்டைக்கதிர்ப் பருவத்தில் நின்ற சம்பா கார்த்திகை மழையில் படுத்துவிட்டது. மூன்றாம் நாள் வரப்பில் நின்று பார்த்தபோது, தாள் சேற்றோடு கிடக்க, கணுவுக்கு மேலுள்ள பகுதி மட்டும் வாத்தின் கழுத்தைப் போல வளைந்து எழுந்திருந்தது. ஒளியைத் தேடி எழுகிறது என்றால், மண்ணுக்குள் இருட்டில் வேர் கீழே போவது எப்படி? எடையே இல்லாத விண்வெளியில் விதைத்தால் என்ன ஆகும்?

தாவரவியல் ஆசிரியர், கும்பகோணம்:
ஐயா, நீங்கள் பார்த்தது புவியீர்ப்பின் வேலைதான். கணுவை ஒட்டிய இலையுறையின் செல்களிலும் வேர் நுனியின் செல்களிலும் மாவுமணிகள் உள்ளன. தாள் சாய்ந்தவுடன் அவை கீழ்ப்பக்கமாக வந்து படிகின்றன; ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளும் அந்தப் பக்கமே சேர்கிறது. தண்டில் அது வளர்ச்சியைத் தூண்டுவதால் கீழ்ப்பக்கம் நீண்டு தண்டு நிமிர்கிறது. வேரிலோ அதே பொருள் வளர்ச்சியைத் தடுப்பதால் வேர் கீழ்நோக்கி வளைகிறது. எடையற்ற நிலையில் மாவுமணிகள் எங்கும் படிவதில்லை. ஆகவே வேர் ஈரத்தையும் ஒளியையும் கொண்டே திசை தேட வேண்டியிருக்கிறது. ஆனால் முளைப்பதற்குத் தடையில்லை. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ அனுப்பிய எட்டுக் காராமணி விதைகள் நான்காம் நாளே முளைத்துவிட்டன. வீட்டில் முளைவிட்ட பச்சைப்பயறு ஒன்றை ஈரத்துணியில் வேர் படுக்கையாக இருக்கும்படி வைத்து, இருட்டில் மூடிப் பாருங்கள்.

வடிகால்:
திசையைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர்தான் என்பது என் கருத்து. அங்கே தண்ணீர் கீழே வடியாது. வேரைச் சுற்றி உறைபோல ஒட்டிக்கொண்டு காற்றைத் தடுத்துவிடும். வடிகால் அடைத்த உளுந்து வயல் மஞ்சளாவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூடான காற்றும் தானாக மேலே எழாது என்பதால், இலையைச் சுற்றிய காற்றை விசிறி வைத்து நகர்த்துகிறார்கள். இவற்றையெல்லாம் சமாளித்து, சீனாவின் தியான்கொங் விண்வெளி நிலையத்தில் 2022-ஆம் ஆண்டு சுமார் 120 நாட்களில் நெல்லை விதையிலிருந்து விதைவரை வளர்த்துவிட்டனர். நம் குறுவையின் வயதும் ஏறத்தாழ அவ்வளவுதான்!

வெண்ணாற்றங்கரை:
மிக்க நன்றி. விலங்குகளுக்கும் இப்படித்தானா?

தாவரவியல் ஆசிரியர், கும்பகோணம்:
அங்கே கருவின் வயது முக்கியமாகிறது. 1989-இல் அமெரிக்க விண்ணோடத்தில் கோழிமுட்டைகளைக் கொண்டுசென்றபோது, ஒன்பது நாள் அடைகாத்தவை பிழைத்தன. இரண்டு நாள் முட்டைகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. தரையில் மஞ்சள் கரு இலேசாக மேலே மிதந்து முட்டை ஓட்டின் உட்புறத்தை ஒட்டி நிற்பதால் இளங்கருவுக்குக் காற்று எளிதில் கிடைக்கிறது; எடையற்ற நிலையில் அது நடுவிலேயே நின்றுவிடுவதே காரணம் என்று கருதப்படுகிறது. மீன் கருவுக்கு அந்தத் தடை இல்லை. 1994-இல் மெடாக்கா மீன்கள் விண்வெளியிலேயே இணைந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன.

வெண்ணாற்றங்கரை:
நீங்கள் சொன்னபடி நேற்றிரவு பச்சைப்பயற்றைப் படுக்கவைத்து மூடினேன். காலையில் திறந்தபோது வேர்நுனி கீழ்நோக்கிக் கொக்கிபோல் வளைந்திருந்தது. துணியை மறுபக்கம் திருப்பி மூடியிருக்கிறேன். நாளை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.