வாடைக்கால ஆட்டுக்கறி: சட்டியா, குக்கரா?

உப்புவெளியான்
திருகோணமலையில் வாடை, அதாவது வடகிழக்குப் பருவமழை, தொடங்கிவிட்டது. கடல் கொந்தளிப்பதால் வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன. சந்தையில் மீன் குறைவு, இருப்பதும் நெருப்பு விலை. இந்த மழை இரவுகளுக்கு ஆட்டிறைச்சிக் கறியும் பாணும் போல வேறொன்றும் இல்லை. ஆனால் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் குக்கர்தான். போன கிழமை ஒரு வீட்டில் சாப்பிட்டேன். இறைச்சி நாராகப் பிரிந்து கிடந்தது, குழம்பு தண்ணீர். என் கருத்து இதுதான்: இறைச்சியைக் குக்கரில் போடவே கூடாது. கழுத்து, முன்தொடை, நெஞ்செலும்பு என்று சவ்வுள்ள துண்டுகளாகப் பார்த்து வாங்கி, மண்சட்டியில் மெல்லிய தீயில் 2 மணித்தியாலம் விடுங்கள். சவ்வு கரைந்து குழம்பு விரலில் ஒட்டும். இரவு அடுப்பிலேயே மூடி வைத்து மறுநாள் காலையில் சூடாக்கிச் சாப்பிட்டால் இன்னும் ருசி.

இரவுப்பணி அக்கா
தம்பி, 2 மணித்தியாலம் அடுப்படியில் நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது? நான் வைத்தியசாலையில் பணி முடித்து வீட்டுக்கு வர இருட்டிவிடும். மழைக்கு விறகு நனைந்து புகையும். காஸை 2 மணித்தியாலம் எரிக்க மனம் வராது, 2022 இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதை மறந்துவிட்டீர்களா?

சவ்வு கரைவதற்குச் சூடும் நேரமும்தான் வேண்டும். சட்டியில் எவ்வளவு கொதித்தாலும் 100 பாகைதான். குக்கருக்குள் அழுத்தத்தால் 120 பாகை வரை ஏறும். அதனால் சட்டியில் 2 மணித்தியாலம் பிடிக்கும் வேலை அரை மணித்தியாலத்தில் முடிகிறது. நீங்கள் சாப்பிட்ட கறி கெட்டதற்குக் குக்கர் காரணமில்லை. கொழுப்போ சவ்வோ இல்லாத பின்தொடையை அளவுக்கு மிஞ்சி அவித்திருப்பார்கள். அதைச் சட்டியில் போட்டாலும் நாராகத்தான் வரும்.

அடுப்பில் மூடி வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். கொதியிலும் சாகாத கிருமி வித்திகள் இறைச்சியில் இருக்கலாம். பெரிய சட்டி மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். சில கிருமிகள் விட்ட நஞ்சு மறுநாள் சூடாக்கினாலும் போகாது. அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவிட்டு, 2 மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

ரொறன்ரோ மருமகன்
எனக்குச் சொந்த ஊர் சாம்பல்தீவு. இப்போது இங்கே வெளியே உறைபனி. இந்த ஊரார் குளிருக்கு மாட்டிறைச்சியைக் கனமான இரும்புச் சட்டியில் முதலில் சிவக்க வறுத்து, பிறகு வெங்காயம், கரட், உருளைக்கிழங்கு போட்டு மூடி, அவணில் 150 பாகையில் 3 மணித்தியாலம் வைப்பார்கள். எல்லா ருசியும் அந்த வறுப்பில்தான். நம் வீடுகளில் இறைச்சியில் நேரே தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். சட்டியா குக்கரா என்பதை விட்டுவிட்டு முதலில் வறுத்துப் பாருங்கள். சாறு வெளியே வராமல் பூட்டும் என்று சிலர் சொல்வது உண்மையில்லை, நிறமும் வாசமும் வரத்தான் வறுப்பது.

கிண்ணியா வாப்பா
தம்பி, நம் ஊர்க் கறியில் வறுப்பு இல்லையென்று யார் சொன்னது? நாம் அதைக் கடைசியில் செய்கிறோம். பிரட்டல் கறி எப்படி வருகிறது? இறைச்சி வெந்து, தண்ணீர் வற்றி, எண்ணெய் பிரிந்து, சட்டியின் அடியில் மசாலா பிடிக்கத் தொடங்கும்போது அகப்பையால் சுரண்டிச் சுரண்டிப் பிரட்டுவோம். அப்போது ஒவ்வொரு துண்டும் கறுப்பும் சிவப்புமாக மினுங்கும். சந்தையில் வாங்கும் இறைச்சியில் ஈரம் அதிகம். ஒரு கிலோவை ஒன்றாகக் கொட்டி முதலிலேயே வறுக்கப் போனால் தண்ணீர் விட்டு அவியும், சிவக்காது. எங்கள் பக்கம் மாட்டு எலும்போடு இறைச்சியை எருமைத் தயிரில் கொஞ்ச நேரம் பிரட்டி வைப்பதும் உண்டு. மேல்பகுதி இளகும், புளிப்பும் சேரும்.

உப்புவெளியான்
அக்கா, ஆறவைப்பது பற்றிச் சொன்னது சரி, இனி அப்படியே செய்கிறேன். ஆனால் சட்டியை விடமாட்டேன். நம் ஊரில் பெருநாளுக்கு ஆடு வெட்டிப் பங்கு போடும்போது ஒரு பங்கில் எல்லாம் வரும். எலும்பு, கொழுப்பு, தொடை, ஈரல். ஈரல் சில நிமிடத்தில் வெந்துவிடும், கழுத்து மணிக்கணக்கில் கேட்கும். சட்டியில் எலும்பை முதலில் போட்டு, தொடையைப் பிறகு போட்டு, ஈரலைக் கடைசியில் போடலாம். குக்கரை மூடினால் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. ஈரல் கல்லாகிவிடும்.

இரவுப்பணி அக்கா
ஈரலைக் குக்கரில் போடச் சொன்னது யார்? நான் எலும்பையும் கழுத்தையும் மட்டும் உப்பும் மஞ்சளும் இஞ்சியும் போட்டுக் குக்கரில் வைப்பேன். பாதி வெந்ததும் ஆவி அடங்கவிட்டுத் திறந்து தொடையைப் போட்டு மறுபடி மூடுவேன். எல்லாம் வெந்த பிறகு சட்டிக்கு மாற்றி, வறுத்த கறித்தூளும் கப்பிப்பாலும் (முதற்பால் எடுத்த பின் பிழியும் தண்ணித் தேங்காய்ப்பால்) விட்டுத் திறந்தபடி வற்றவிட்டு, வாப்பா சொன்னது போலப் பிரட்டுவேன். ஈரலும் முதற்பாலும் கடைசியில்தான். முதற்பாலைக் குக்கரில் விட்டால் திரிந்துவிடும். இறைச்சிச் சரக்கை (வாசனைத் தூள்) தூவி இறக்க, அடுப்படி வாசம் வாசல் வரை போகும். மொத்தம் ஒரு மணித்தியாலம்.

சாம்பல்தீவு ரீச்சர்
ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். இங்கே குளிர் என்று நாம் சொல்வது இரவில் 24 பாகையளவு, அதோடு காற்றும் ஈரமும். ரொறன்ரோக் குளிருக்குப் போடும் கொழுப்பு நமக்குத் தேவையில்லை. கந்தசஷ்டி, பிள்ளையார் கதை, திருவெம்பாவை என்று வாடைக்காலத்தில்தான் விரதமும் அதிகம். இறைச்சிச் சட்டி ஏறும் இரவுகள் எங்கள் வீட்டில் எண்ணி எடுக்கலாம். அந்த இரவுகளில் அவசரம் எதற்கு? நான் உப்புவெளித் தம்பியின் பக்கம். மண்சட்டியில் வையுங்கள்.

இரவுப்பணி அக்கா
ரீச்சர், உங்களுக்கு அந்த இரவில் விடுமுறை இருக்கும். எனக்கு அன்றும் பணி இருக்கும். பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது சட்டியின் பெருமையைச் சொல்லிக் காத்திருக்க வைக்க மாட்டேன்.

உப்புவெளியான்
அக்கா, பணி இல்லாத ஒரு நாளில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் சமைப்போம். ஒரே ஆட்டின் கழுத்து, ஒரே கறித்தூள். எது எதில் வெந்தது என்று சொல்லாமல் பிள்ளைகளிடமே கொடுப்போம். இறைச்சி என் செலவு.

இரவுப்பணி அக்கா
சரி. கறித்தூள் நான் வறுத்ததாக இருக்க வேண்டும்.