புதுப்பிப்பு: பொதுக்குழு கூடியது, கணக்கும் வந்தது

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் ஆண்டுக் கணக்கைப் பொதுக்குழுவில் வைக்காமல் தள்ளிப்போடுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். சங்கத்தின் துணைவிதிகளை, அதாவது சங்கம் நடக்க வேண்டிய முறையைச் சொல்லும் விதிகளை, படிக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. போதிய உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டியே ஆக வேண்டும் என்ற விதி அதிலேயே இருந்தது. கையெழுத்து வாங்கப் போனபோதுதான் தெரிந்தது, வாடகைக்கு இருப்பவர்களை இதுவரை யாரும் எதற்கும் அழைத்ததே இல்லை. கணக்கைவிட இதுதான் பெரிய குறை. குப்பையும் குடிநீரும் அவர்களுக்கும்தானே!

பொதுக்குழு கூடிக் கணக்கைப் பார்த்ததில், பணம் எங்கும் போகவில்லை. ரசீதுகள் ஒருவர் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தன. இனி நிர்வாகக் குழுவில் இல்லாதவர் தணிக்கை செய்வார், காசோலைக்கு இருவர் கையொப்பம் வேண்டும். வாடகைதாரர்களுக்கு வாக்குரிமை தரும் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. வீடு வீடாகப் பேசத் தொடங்கிவிட்டோம்.