கிறிஸ்துமஸ் நிதிக் கச்சேரி: மியூசிக்கல் நடிகர்கள் நாலு பேர், ஒரு பியானோ. உடை போட்டுக் காட்சியாகச் செய்யலாமா?

குளிர்காலக்குயில்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் விளையாட்டு அறை அமைக்கப் பணம் சேர்ப்பதற்காக டிசம்பர் மூன்றாவது வாரம் ஒரு கிறிஸ்துமஸ் கச்சேரி நடத்துகிறோம் என்று நாங்கள் ஆறு பேர் ஏதோ ஒரு வேகத்தில் ஒப்புக்கொண்டுவிட்டோம். என் தங்கையின் தோழி மியூசிக்கல் நாடகங்களில் தொழிலாகவே பாடி நடிப்பவர், அவர் மூலமாக இன்னும் மூன்று பேர் கிடைத்தார்கள், நாலு பேருமே காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். பியானோவுக்கு ஒருவர் இருக்கிறார். 300 இருக்கை உள்ள அரங்கு. இதுவரை எல்லாம் நல்லபடி.

சண்டை இப்போது எங்களுக்குள்தான். சும்மா வரிசையாக நின்று பாடினால் யார் வருவார்கள், நாடக நடிகர்களே கிடைத்திருக்கும்போது உடை, வசனம், கொஞ்சம் ஆட்டம் எல்லாம் சேர்த்துப் பெயர்பெற்ற மியூசிக்கல்களிலிருந்து நாலைந்து காட்சிகளைப் போட்டு, நடுநடுவே கிறிஸ்துமஸ் பாட்டு வைப்போம் என்கிறார்கள் பாதிப் பேர் (நானும் அந்தப் பக்கம்தான்). அரங்கை நடத்துபவர்கள் பாட்டுக்கான உரிமம் தங்களிடம் இருக்கிறது என்று சொன்னார்கள், அதனால் உரிமைச் சிக்கல் இல்லை என்று நினைக்கிறோம். தவிர இது தர்ம காரியம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?

இரண்டாவது, பணம் கேட்கும் பேச்சை எங்கே வைப்பது? ஆரம்பத்திலேயே முடித்துவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்மணி:

உடை தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, அது நல்லது.

அரங்குக்காரர்கள் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் அமெரிக்காவில் ஆஸ்காப், பிஎம்ஐ, பிரிட்டனில் பிஆர்எஸ் மாதிரியான அமைப்புகள் பாட்டு எழுதியவர்கள் சார்பில் கொடுக்கும் பொது உரிமமாக இருக்கும். ஒருவர் மேடையில் நின்று ஒரு பாட்டைப் பாட்டாகப் பாடுவதற்கு அது செல்லும். ஆனால் அதே பாட்டைக் கதாபாத்திரத்தின் உடையில், முன்னும் பின்னும் வசனத்தோடு, காட்சியாக நடித்துக் காட்டினால் அது நாடக நிகழ்த்துதல் ஆகிவிடும். தொழிலில் இதற்கான உரிமையை ‘கிராண்ட் ரைட்ஸ்’ என்பார்கள், வெறும் பாட்டாகப் பாடும் உரிமைக்கு ‘ஸ்மால் ரைட்ஸ்’ என்று பெயர். கிராண்ட் ரைட்ஸை மேலே சொன்ன அமைப்புகள் கொடுக்கவே முடியாது. அந்த மியூசிக்கலின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்திடம் தனியாக எழுதிக் கேட்க வேண்டும், பதில் வர நாளாகும், அப்போதைக்கு அந்த நாடகம் வேறு எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் மறுத்துவிடவும் கூடும். கோடு எங்கே இருக்கிறது என்று துல்லியமாகக் கேட்டால் யாரும் ஸ்கேல் வைத்துக் காட்ட மாட்டார்கள். ஒரே நாடகத்திலிருந்து வரிசையாக நாலு பாட்டை எடுத்து இடையில் ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போனால்கூட, உடையே இல்லாவிட்டாலும், அது கோட்டைத் தொட்டுவிடும்.

"தர்ம காரியம்தானே" என்பதை எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு உண்மையிலேயே உண்டு, ஆனால் ஊசிக் காது மாதிரி குறுகல். நாடகமல்லாத இசைக்கு மட்டும்தான், பாடுகிறவர், வாசிக்கிறவர், ஏற்பாடு செய்கிறவர் யாருக்கும் கூலி கொடுக்கக் கூடாது, நியாயமான செலவு போக மிச்சம் முழுவதும் தர்மத்துக்கே போக வேண்டும், அதற்கு மேலும் உரிமையாளர் ஏழு நாள் முன்னால் எழுத்தில் ஆட்சேபித்தால் டிக்கெட் போட்ட நிகழ்ச்சிக்கு அந்த விலக்கும் போச்சு. மற்ற நாடுகளில் விதி வேறு, உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக உரிமம் எடுத்துவிட்டுத் தூங்கப் போவது நல்லது என்பது என் கட்சி.

இன்னொன்று, யாராவது முழுக் கச்சேரியையும் வீடியோ எடுத்து ஏற்றுகிறேன் என்று கிளம்புவார்கள். படத்தோடு பாட்டைச் சேர்ப்பதற்கு அனுமதி தனி. அதையும் இதிலேயே அடக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், நின்று பாடினால் யார் வருவார்கள் என்ற பயம் தேவையில்லாதது. நல்ல மியூசிக்கல் பாடகருக்கு உடையும் செட்டும் இல்லாமல் கறுப்புச் சட்டையில் நின்று முதல் வரியிலேயே அந்த ஆளாக மாறத் தெரியும், நடிகர்களைக் கூப்பிட்டதற்குப் பலன் அதில்தான்.

கறுப்புவெள்ளை:

நான் இருபது வருடமாகப் பாடகர்களுக்குப் பியானோ வாசிக்கிறேன், அதனால் என் பதில் ஒருபக்கமாகத்தான் இருக்கும்.

நாலு பாடகர்களும் காசு வேண்டாம் என்றார்கள் என்று எழுதினீர்கள். பியானோக்காரர் என்ன சொன்னார் என்று எழுதவில்லையே? அவரிடம் கேட்டீர்களா? பாடகர் ஒருவர் நாலு பாட்டைத் தயார் செய்கிறார். பியானோக்காரர் எல்லோருடைய பாட்டையும் சேர்த்துப் பதினாறைத் தயார் செய்கிறார், எல்லா ஒத்திகைக்கும் வருகிறார், ஒருவர் ஒரு வரியைத் தாண்டிக் குதித்தால் கூடவே குதிக்கிறார். செலவுப் பட்டியலில் ஒரே ஒரு கூலிக்குத்தான் இடம் என்றால் அது இவருக்குப் போகட்டும். மேலே மூன்றாம்மணி சொன்ன அமெரிக்க விலக்கு அதோடு கைவிட்டுப் போகும், போகட்டும், உரிமம் எடுங்கள்.

அடுத்தது ஸ்ருதி. கடையில் விற்கும் மியூசிக்கல் பாட்டுத் தொகுப்புப் புத்தகங்களில் பல பாட்டுகள் வீட்டில் வாசிப்பவர்களுக்காக எளிதாக்கப்பட்டு, மேடையில் பாடப்படும் ஸ்ருதியிலிருந்து மாற்றி அச்சாகியிருக்கும். போன வருடம் ஒரு நிகழ்ச்சியில் (எங்கே என்று கேட்காதீர்கள்) பாடகி மூல ஸ்ருதியில் பழகி வந்திருக்கிறார், என் கையில் கொடுத்த தாளில் மூன்று அரைப்படி கீழே. மேடைக்குப் பக்கத்தில் நின்று பென்சிலால் ஸ்வரக் கோர்வைகளை மாற்றி எழுதினேன், இரண்டாவது சரணத்தில் ஓரிடம் மறந்துவிட்டேன். கேட்டவர்களுக்கும் தெரிந்தது. அதனால் ஒவ்வொருவரிடமும் எந்தப் பாட்டு, எந்த ஸ்ருதி, எங்கே வெட்டு, எப்படி முடிவு என்று எழுதி வாங்கி மூன்று வாரம் முன்னாலேயே அவருக்கு அனுப்பிவிடுங்கள். போனில் எடுத்த கோணல் படம் வேண்டாம்.

மைக்கையும் சொல்லிவிடுகிறேன். இவர்களுக்கு நாடகத்தில் தலையோடு ஒட்டிய சின்ன மைக்தான் பழக்கம், ஏற்ற இறக்கத்தை ஒலிப்பலகையில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துக்கொள்வார். உங்கள் மேடையில் கையில் பிடிக்கிற மைக் கொடுத்தால், உச்சியில் முழுக் குரலை எடுக்கும்போது மைக்கைத் தள்ளிப் பிடிக்க மறந்துவிடுவார்கள், முன்வரிசைக்குக் காது கிழியும். அரைமணி நேரமாவது அந்த மைக்கிலேயே ஒத்திகை பார்க்கட்டும்.

கணக்குப்பிள்ளை:

நான் பாடத் தெரியாதவன், இரண்டு மூன்று நிகழ்ச்சிகளுக்கு வரவு செலவு பார்த்தவன். ஒன்றில் டிக்கெட் எல்லாம் விற்றது, பத்திரிகைக்காரர்கூட வந்தார், கடைசியில் அரங்கு வாடகை, விளக்கு, அலங்காரம், அச்சுச் செலவு, கலைஞர்களுக்குச் சாப்பாடு எல்லாம் கழித்துக் கொடுத்த காசோலையை மேடையில் பெரிதாகக் காட்டக் கூச்சமாக இருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நீங்கள் உடைக்குச் செலவு செய்ய நினைத்ததைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. டிக்கெட் பணத்தில் செலவு அடைந்துவிட வேண்டும், அன்று ராத்திரி அரங்குக்குள் சேரும் நன்கொடை அப்படியே மருத்துவமனைக்குப் போக வேண்டும், இப்படி இரண்டு கணக்காக வைத்துக்கொண்டு அதை வாய்விட்டுச் சொன்னால் கொடுப்பவர்களுக்கும் கை வரும்.

எப்போது கேட்பது என்பதற்கு நியூயார்க்காரர்கள் நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். 1987இல் எய்ட்ஸ் நோய் நாடக உலகைச் சூறையாடிக்கொண்டிருந்தபோது நடிகர் சங்கத்தார் ‘ஈக்விட்டி ஃபைட்ஸ் எய்ட்ஸ்’ என்று தொடங்கினார்கள், அடுத்த வருடம் தயாரிப்பாளர்கள் பக்கத்திலிருந்து ‘பிராட்வே கேர்ஸ்’ (பிராட்வே என்றால் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள்), இரண்டும் 1992இல் ஒன்றாகின. வருடத்தில் இரண்டு பருவம், இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும், நாடகம் முடிந்து கைதட்டல் வாங்கியதும் நடிகர் ஒருவர் முன்னால் வந்து ஒரு நிமிடம் பேசுவார், ஜனங்கள் வெளியே போகும் வழியில் மற்ற நடிகர்கள் அதே உடையில் சிவப்பு வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவ்வளவுதான். இலையுதிர்கால வசூலை ஒட்டி டிசம்பரில் வெவ்வேறு நாடகக் குழுக்கள் ஒரே மேடையில் ஆடிப்பாடும் நிகழ்ச்சி 1989இலிருந்து நடந்து வருகிறது, 2019இல் அதற்கே ‘ரெட் பக்கெட் ஃபாலீஸ்’ என்று அந்த வாளியின் பெயரை வைத்துவிட்டார்கள். 1999இல் தொடங்கி பிராட்வே குழுக்கள் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டுகளை இசைத்தட்டாகவும் போட்டு விற்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, கேட்பது பாடியவர், கேட்கப்படுவது மனம் இளகியிருக்கும் நேரம், கொடுக்க வேண்டிய இடம் போகிற வழி. தொடக்கத்திலேயே குழுத் தலைவர் பன்னிரண்டு நிமிடம் பேசினால் ஜனங்கள் போனை எடுப்பார்கள், பணம் அனுப்ப அல்ல. கடைசிப் பாட்டுக்கு முந்தைய இடத்தில் வையுங்கள். வாளியோடு ஸ்கேன் செய்யும் அட்டையும் இருக்கட்டும், இப்போது யார் கையில் ரொக்கம் இருக்கிறது?

சும்மா ஒரு செய்தி, இருக்கை போதாமல் போனால் உதவும். ஹேண்டல் என்ற இசையமைப்பாளரின் ‘மெசையா’ என்ற பெரிய பாடல் தொகுப்பு முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரல் 13, டப்ளினில், அதுவும் தர்மக் கச்சேரிதான். கடன்பட்டுச் சிறையில் கிடந்தவர்களுக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் பணம் சேர்த்தார்கள், 142 பேர் கடன் தீர்ந்து வெளியே வந்தார்கள். கூட்டம் நெரியும் என்று தெரிந்து, பெண்கள் வளையம் வைத்த பாவாடையும் ஆண்கள் இடுப்பில் வாளும் இல்லாமல் வரவேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்து எழுநூறு பேரை உள்ளே அடைத்தார்கள். அன்று பாடி எல்லோரையும் உருக வைத்தவர் சுசன்னா சிபர் என்ற நாடக நடிகை, பெரிய குரல்காரி என்று அவருக்குப் பெயர் கிடையாது. நடிக்கத் தெரிந்தவர் சும்மா நின்று பாடினாலே போதும் என்று மூன்றாம்மணி சொல்வதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியாது.

பின்வரிசை:

நான் கோரஸில் பாடுகிறவள். இரண்டே விஷயம்.

கிறிஸ்துமஸ் வாரம் எங்களுக்கு நல்ல வசூல் வாரம், சாதாரணமாகவே வாரம் எட்டுக் காட்சி, அப்போது நேரம் வேறு முன்னே பின்னே மாறும். பிராட்வேயில் பல நாடகங்களுக்குத் திங்கள்கிழமை ஓய்வு என்பதால் இந்த மாதிரிக் கச்சேரிகளைத் திங்களில் வைப்பது வழக்கம். உங்கள் நாலு பேரில் யாராவது அப்போது நாடகத்தில் இருந்தால் அவர்களுக்கு எந்த நாள் ஓய்வு என்று கேட்டுவிட்டு அரங்கை உறுதி செய்யுங்கள். தொழிற்சங்க உறுப்பினர் என்றால் இலவசமாகப் பாடுவதற்கும் சங்கத்தில் விதிமுறை இருக்கும், அவர்களையே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நல்ல மனசோடு வந்தவர்களுக்குப் பின்னால் தலைவலி வரக் கூடாது.

டிசம்பர் என்றால் சளி. நாலு பேரில் ஒருவருக்குக் கடைசி நாளில் தொண்டை போகும் என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டூயட்டுக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் கற்றுவைத்திருந்தால் போதும். தொண்டை கட்டியவரைப் பாசத்தால் வற்புறுத்திப் பாட வைக்காதீர்கள், அடுத்த நாள் அவருக்கு வேலை இருக்கும்.

குளிர்காலக்குயில்:

எல்லோருக்கும் நன்றி, நேற்று இரவே இதை எங்கள் குழுவில் எல்லோரும் உட்கார்ந்து படித்தோம். காட்சிகள் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. நான் தோற்ற கட்சி, பரவாயில்லை. ஒரு நாடகத்திலிருந்து ஒரு பாட்டுக்கு மேல் இல்லை, அவரவர் சொந்த உடை.

பியானோக்காரரிடம் கேட்கவேயில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்று கூப்பிட்டு சம்பளம் பற்றிப் பேசினேன், ஒரு நிமிடம் சத்தமே இல்லை, அப்புறம் "எப்போது கேட்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

கடைசிச் சந்தேகம். பழைய கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்காவது உரிமம் வேண்டாம்தானே?

மூன்றாம்மணி:

பாட்டைப் பொறுத்தது. 1818இல் ஆஸ்திரியாவில் ஒரு சின்ன தேவாலயத்தில் முதலில் பாடப்பட்ட ‘சைலண்ட் நைட்’, 1857இல் வெளியான ‘ஜிங்கிள் பெல்ஸ்’ இவற்றின் மூல மெட்டுக்கும் சொல்லுக்கும் யாரும் காசு கேட்க முடியாது. (இரண்டாவதில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது, பாடிப் பாருங்கள்.) ஆனால் யாராவது புதிதாக நாலு குரலுக்குப் பிரித்து எழுதிய வடிவத்தை வாங்கிப் பாடினால் அந்த வடிவத்துக்கு உரிமை அவருடையது. 1940களில் சினிமாவுக்காக எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டுகள் பழசு மாதிரி காதில் விழும், அவற்றில் பலவற்றுக்கு இன்னும் உரிமை உயிரோடுதான் இருக்கிறது. பட்டியலை எழுதி அரங்குக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள், அவர்கள் உரிமம் எதற்குச் செல்லும் என்று அவர்களே எழுதிக் கொடுக்கட்டும்.

கறுப்புவெள்ளை:

நாலு குரல் வடிவத்தை உங்கள் பியானோக்காரரையே எழுதச் சொல்லுங்கள். அதற்கும் சேர்த்துக் கொடுங்கள்.