புலிகள் தினத்துக்கு மலை ஊரில் என்ன பேசுவது?

மலைப்பள்ளி வாத்தியார்:
தாளவாடி மலையில் ஒரு நடுநிலைப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஜூலை 29 வந்தால் ஓவியப் போட்டி, ஊர்வலம், ஆளுக்கொரு மிட்டாய். போன வருஷம் ‘புலியைக் காப்போம்’ என்று பேசி முடித்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். “சார், எங்க செவலையைப் புலி அடிச்சப்போ யாரும் ஊர்வலம் போகலையே?” வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சினை மாடு அது. தமிழ்நாட்டில் 2006-ல் 76 புலி, 2022 கணக்கெடுப்பில் 306 என்று பெருமையாக எழுதிக்கொண்டு போயிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் பெற்றோரையும் கூப்பிடப் போகிறேன். அவர்களிடம் பேச்சை எங்கிருந்து எடுப்பது?

பழைய வாட்சர்:
அந்தப் பையன் கேட்டதுல இருந்தே எடுங்க சார். நான் பதினோரு வருஷம் வேட்டைத் தடுப்புக் காவலரா காட்டுல நடந்தவன். தோலுக்கும் எலும்புக்கும் வெளியூர்ல இருந்து வர்றவன் புது ஆளு, ஊருக்குள்ள கால் வெச்சா தெரிஞ்சிரும். அவன் கட்டுற சுருக்குக் கம்பியைத் தேடி அவுத்துருவோம். ஆனா அடிபட்ட மாட்டு மேல பூச்சிமருந்து ஊத்துறவன் நம்ம சொந்தக்காரன். அவனை எங்கிருந்து தேடுறது?

2023 செப்டம்பர்ல நீலகிரி எமரால்டு பக்கம் ரெண்டு புலி செத்துக் கெடந்ததைப் படிச்சிருப்பீங்க. பக்கத்துல மாட்டோட பொணம், அதுல விஷம். மாட்டுக்காரர் கைதானார். மாடும் போச்சு, மனுசனும் உள்ள போனாரு.

பெத்தவங்ககிட்ட இதைச் சொல்லுங்க: புலி ஒரே நாள்ல முழு மாட்டைத் தின்னாது. பொதருக்குள்ள இழுத்துட்டுப் போயி, மறுநாள் ராத்திரியும் அங்கயே வரும். விஷம் வேலை செய்யிறது அதனாலதான். புலியோட போவாதுங்க. மாயாறு பள்ளத்தாக்குல மிச்சமிருக்குற பொணந்தின்னிப் பாறு கழுகும் அதே பொணத்துலதான் எறங்கும். கோவத்துல மாட்டைப் பொதைச்சாலும் வம்பு, பசியோட அடுத்த பட்டிக்கு வரும்.

பின்பக்கத்துச் சப்பையில தின்ன ஆரம்பிச்சிருந்தா பெரும்பாலும் புலி. வயித்தைக் கிழிச்சிருந்தா சிறுத்தையான்னு பாருங்க. எதுவா இருந்தாலும் பொணத்தை நகர்த்தாம போட்டோ எடுத்துட்டு, அன்னைக்கே வனத்துறைக்குச் சொல்லோணும்.

பட்டிக்காரி:
அண்ணா சொல்றதெல்லாம் சரிங்ணா. எனக்கு நடந்ததையும் கேளுங்க. என் மாடு அடிபட்டப்போ காலையில சொன்னேன், மாட்டு டாக்டர் வந்தது மூணாம் நாள். அதுக்குள்ள நாறிப் புழு வெச்சிருச்சு. என்னத்தைப் பார்த்து எழுதினாரோ, நிவாரணப் பணம் வர எட்டு மாசம். அதுக்கு நடந்த பஸ் காசுல ஒரு கன்னுக்குட்டி வாங்கியிருக்கலாம். நான் விஷம் வெக்கல. ஆனா அந்த மூணு நாளும் வெக்கலாமான்னு நெனைச்சேன், பொய் சொல்ல மாட்டேன். வாத்தியாரே, மேடையில புலியைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல அன்னைக்கே யாரு வருவாங்கன்னு சொல்லச் சொல்லுங்க.

திம்பம் லாரிக்காரன்:
மாட்டுக்காச்சும் நிவாரணம் இருக்கு. காட்டு மிருகத்துக்காக ராத்திரி வண்டி விடாத தடையில பண்ணாரி செக்போஸ்ட்ல லோடோட நிக்கிறவனுக்கு? திம்பம் மலைப்பாதையோட 27 கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிட்டு ஏறுவேன், புலி வாலைக்கூடப் பார்த்ததில்ல.

பழைய வாட்சர்:
கண்ணை மூடிட்டு ஏறுனா எப்படிப்பா தெரியும்.

பட்டிக்காரியம்மா, உங்ககிட்டச் சண்டைக்கு வரமாட்டேன். நானும் பல தடவை வெறுங்கையோட போயி மாட்டுக்காரங்க முன்னால நின்னிருக்கேன். திட்டு வாங்குனதெல்லாம் கீழ இருந்த நாங்கதான். ஒண்ணே ஒண்ணு: சட்டத்துல புலியைக் கொன்னா குறைஞ்சது 3 வருஷம். பணம் எட்டு மாசத்துல வந்துருச்சுல்ல.

மலைப்பள்ளி வாத்தியார்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்குப் போய்வந்தேன். செவலை கட்டியிருந்த முளைக்குச்சி இன்னும் வாசலில் நிற்கிறது. புலிகள் தினத்தன்று அவன் அப்பாவையே முதலில் பேசச் சொன்னேன். ரொம்ப நேரம் அவர் வாயே திறக்கவில்லை. பிறகு, “மாட்டு டாக்டரும் வருவாருங்களா?” என்று மட்டும் கேட்டார். இன்று காலையில் டாக்டருக்கும் வனவருக்கும் கடிதம் கொடுத்துவிட்டேன். டாக்டர் வருகிறேன் என்றிருக்கிறார், வனவர் பார்க்கலாம் என்றார். ஊர்வலம் கிடையாது. மிட்டாய் உண்டு, அதை நிறுத்தப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.