இரவு முழுக்க விழித்திருந்த பிறகும் மதிப்பெண் ஏறுகிறது, எங்கே தவறு?

கேள்வி:
தூக்கம் கெட்டால் கவனம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க ஒரு சின்ன ஆய்வு செய்கிறேன். ஒரே ஆட்களுக்கு ஐந்து நாள், தினமும் காலையில் கணினியில் இரண்டு சோதனை: ஒன்று குறிக்கு ஏற்ற எண்ணை அழுத்துவது, இன்னொன்று எதிர்வினை நேரம். நான்காம் நாளுக்கு முந்தைய இரவு எல்லோரும் விழித்திருந்தார்கள். ஆனாலும் குறிச் சோதனையில் அன்றைய மதிப்பெண் முதல் நாளைவிட அதிகம். தூக்கமின்மை இதைப் பாதிக்கவில்லை என்று எழுதிவிடலாமா?

பதில் 1:
தயவுசெய்து எழுதிவிடாதீர்கள், அது பயிற்சி விளைவு, அதாவது ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதாலேயே வரும் ஏற்றம். பெரும்பாலும் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில்தான் பெரிய ஏற்றம் இருக்கும், அப்புறம் மெல்லத் தட்டையாகும். குறி-எண் ஜோடிகளைத் தினமும் மாற்றினீர்களா? இதே மாதிரிச் சோதனை ஒன்றை நடத்தியபோது ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். முதல் நாள் ஒவ்வொரு குறிக்கும் அவர் கண் திரையின் மேல்வரிசையில் இருந்த ஜோடிப் பட்டியலுக்குப் போய்த் திரும்பியது, மூன்றாம் நாள் கண் மேலே போகவே இல்லை, ஒன்பது ஜோடியும் மனப்பாடம். தேடும் வேகத்தை அளக்கிறோம் என்று நினைத்திருந்தேன், அன்றைக்கு அளந்தது நினைவாற்றலை.

கேட்டவர்:
மாற்றவில்லை, ஐந்து நாளும் ஒரே ஜோடிகள்தான். மாற்றியிருந்தால் போதுமா?

பதில் 2:
பாதிதான் தீரும். எந்த விரலை எந்த விசையில் வைப்பது, தவறினால் எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் ஜோடி மாறினாலும் கூடவே வரும். உண்மையான சிக்கல் வேறு: எல்லோருக்கும் நான்காம் நாளே விழிப்பு நாள் என்பதால் பயிற்சியும் தூக்கமின்மையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன. விழிப்பு நாளைப் பாதிப் பேருக்கு முன்னால், பாதிப் பேருக்குப் பின்னால் என்று வைத்திருக்க வேண்டும், அதற்கும் முன்னால் வேகம் நிலைக்கும்வரை சில சுற்று பழகவிட்டிருக்க வேண்டும். இப்போது கையில் இருப்பதை வைத்து நான்காம் நாளை மூன்றாம் நாளோடு ஒப்பிடுங்கள். ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் நின்றிருந்தால் அதுகூடப் பாதிப்பாக இருக்கலாம்.

பதில் 3:
எதிர்வினைச் சோதனையைக் கைவிடாதீர்கள். ஆய்வாளர்கள் டிங்கஸும் பவலும் 1985-இல் அறிமுகப்படுத்திய பத்து நிமிடச் சோதனை என்றால், அழுத்தச் சொல்லும் அடுத்த சைகை 2 முதல் 10 வினாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும், கற்றுக்கொள்ள அதில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. சராசரியை மட்டும் பார்க்காமல், 500 மில்லி வினாடியைத் தாண்டிய பதில்கள், அதாவது கவனம் தவறிய தருணங்கள், எத்தனை என்று எண்ணுங்கள். எல்லா நாளும் ஒரே கணினிதானே? சாதாரணத் திரை ஒரு காட்சியைப் புதுப்பிக்கவே சுமார் 17 மில்லி வினாடி எடுக்கும், விசைப்பலகை மாறினாலும் எண் நகரும்.

கேட்டவர்:
ஒரே கணினிதான். நன்றாகத் தூங்கும் இன்னொரு குழுவுக்கும் இதே ஐந்து நாளை, அதே ஜோடிகளோடு நடத்தப் போகிறேன். அது முடியும்வரை நான்காம் நாளைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டேன்.