பழங்குடைவு: 'நிலத்தடி வெற்றிடம்' வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

பழைய சுரங்கங்களை நிலத்துக்கு மேலிருந்தே தேடும் கருவி தொடர்பான தமிழ்ச் சொற்களைப் பற்றி இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்கும் அந்தக் கருவிக்கு (ground penetrating radar) 'தரை ஊடுருவு ராடார்' என்பது எனக்குச் சம்மதம். ராடாரை ராடாராகவே விட்டுவிடலாம், பழகிய சொல். எனக்கு இடறுவது அந்தக் கருவி தேடும் பொருளுக்கு, அதாவது பழைய சுரங்கத்தில் வெட்டியெடுத்த இடத்துக்கு, இங்கே முன்வைத்திருக்கும் 'நிலத்தடி வெற்றிடம்' தான்.

பழைய சுரங்கத்தில் வெட்டியெடுத்த இடம் வெற்றாகவே கிடக்கும் என்று சொல்ல முடியாது. 2002 ஜூலையில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் க்யூகிரீக் நிலக்கரிச் சுரங்கத்தில் வெட்டிக்கொண்டே போனவர்கள் பக்கத்துப் பழைய சுரங்கத்தை உடைத்துவிட்டார்கள்; கையிலிருந்த வரைபடம் காட்டியதைவிட அது நீண்டிருந்தது, உள்ளே முழுக்க நீர். சிக்கிய 9 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அதைப் போய் வெற்றிடம் என்று எப்படி எழுதுவது?

ராடாருக்கும் இந்த வேறுபாடு முக்கியம். பாறையிலிருந்து காற்றைத் தொடும் எல்லையில் எதிரொளிக்கும் அலைக்கும், நீரைத் தொடும் எல்லையில் எதிரொளிக்கும் அலைக்கும் முனைப்பு (polarity, அலை முதலில் மேலே எழுகிறதா கீழே இறங்குகிறதா என்பது) நேர்மாறாக இருக்கும். காற்றில் நானோநொடிக்கு 30 செ.மீ. ஓடுகிற அலை நீருக்குள் சுமார் 3.3 செ.மீ. தான் நகரும், அதனால் உள்ளே என்ன நிரம்பியிருக்கிறது என்று தெரியாமல் அடித்தளம் எங்கே என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

ஆகவே 'குடைவு' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. குடைவரை என்ற சொல் இருப்பதால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை, மனிதர் வெட்டியது என்பதும் தானாகவே வந்துவிடுகிறது, இயற்கைக் குகையோடு குழம்பாது. காற்று இருந்தால் வெறுங்குடைவு, நீர் இருந்தால் நீர்க்குடைவு, இடிந்து மண் மூடியிருந்தால் தூர்குடைவு, பொதுவாகப் பழங்குடைவு. 'கைவிட்ட சுரங்கம்' போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது ஐயா, இன்றும் வேலை நடக்கிற சுரங்கத்துக்குள்ளேயே பழங்குடைவுகள் உண்டு.

ராடார் படத்தில் குடைவு இருக்கும் இடத்தில் தெரியும் கவிழ்ந்த வளைவுக்கு 'அதிபரவளையம்' (hyperbola) சரியான சொல், அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் அந்தச் சொல்லுக்கான விளக்கக் குறிப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: கருவியைக் குடைவுக்குக் குறுக்கே இழுத்தால்தான் அந்த வளைவு வரும், நெடுக இழுத்தால் சாதாரண மண்ணடுக்கு மாதிரி நேர்கோடாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். அப்புறம், ஈரக் களிமண்ணில் ஓரிரு மீட்டரிலேயே அலை தேய்ந்துவிடுவதால் 'ஒன்றும் தெரியவில்லை' என்பதைக் 'குடைவு இல்லை' என்று யாரும் படிக்கக்கூடாது. துளையிட்டுப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

செங்குத்தாக இறங்கும் வாய்க்கு 'நிலைக்குடைவு', கிடையாக ஓடுவதற்குக் 'கிடைக்குடைவு' சரிவருமா? சுரங்க வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.